வேலனும் தோழியும்: வெறியாட்டுப் பாடல்கள் முதல் ஏர்வாடி வரை நோயுற்றார் குரல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சங்க அகப்பாடல்களுள் வெறியாட்டினைப் பொருளாகக் கொண்டவை பெரும்பாலும் இருவகை நோக்குகளில் பயிலப்பட்டு வருகின்றன. முருக வழிபாட்டின் தொன்மையை அறிய உதவும் சமய வரலாற்றுச் சான்றுகளாக அவற்றைக் கொள்வது ஒரு நோக்கு. களவொழுக்கத்தின் ஒரு படிநிலையை விளக்கும் துறைப்பாடல்களாக அவற்றைக் கொள்வது மற்றொரு நோக்கு. இவ்விரண்டும் பயனுடையனவே. எனினும் இவ்விரு நோக்குகளிலும் வேலன் பேசப்படுகிறான், முருகன் பேசப்படுகிறான், கழங்கும் களனும் மறியும் பேசப்படுகின்றன. எவள் மேனி மெலிந்ததன் பொருட்டு இவையனைத்தும் நிகழ்கின்றனவோ, அவள் மட்டும் பேச்சின் ஓரத்திற்கு ஒதுங்கிவிடுகிறாள்.

நாம் இக்கட்டுரையில் அவளை மையத்தில் நிறுத்தி அப்பாடல்களைப் படிக்க முற்படுகிறோம். ஒருவர் உற்ற நோய்க்குப் பிறர் பெயரிடும்போதும், அப்பெயரை மறுத்துரைக்கும் உரிமை நோயுற்றவர்க்கு இல்லாதபோதும் நேரும் தீங்கினை இப்பாடல்கள் எவ்வாறு உணர்ந்துள்ளன என்பதே நம் வினா. இவ்வினா பழமையானது எனினும் பழங்கதை அன்று. தமிழ் நிலத்திலேயே 2001ஆம் ஆண்டில் ஏர்வாடியில் நிகழ்ந்த பேரிழப்பு இதனை நம்முன் மீண்டும் வைத்தது. இலக்கியம் கற்பிப்போர் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

வெறியாட்டின் அமைப்பு

களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவி மெலிகிறாள். தோள் வளை நெகிழ்கிறது, நெற்றி பசக்கிறது, உணவும் உறக்கமும் குறைகின்றன. காரணம் அறியாத தாய் கலங்குகிறாள். ஊரிலுள்ள முதுபெண்டிரை வினவுகிறாள். அவர்கள் இது முருகனால் வந்த வருத்தம் என்கின்றனர். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கிட்டுப் பார்க்கிறான். கட்டு, கழங்கு என்னும் இவ்விரண்டையும் தொல்காப்பியக் களவியல் செவிலி கூற்றுக்குரிய சூழல்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது. குறியின் முடிவு பெரும்பாலும் ஒன்றே. பின்னர் மனை முற்றத்தில் களன் இழைக்கப்படுகிறது; இசைக்கருவிகள் முழங்குகின்றன; மறி அறுக்கப்படுகிறது; வேலன் வெறியயர்கிறான்.

இந்நிகழ்வின் அமைப்பினைக் கூர்ந்து நோக்கினால் நான்கு கூறுகள் புலப்படும். முதலாவதாக, நோய்க்கு ஒரு பெயர் வேண்டும் என்னும் குடும்பத்தின் தவிப்பு. இரண்டாவதாக, அப்பெயரைத் தரும் தகுதி தமக்கு உண்டு என்று ஊரால் ஏற்கப்பட்ட ஒருவர். மூன்றாவதாக, அவர் கூற்றைச் சரிபார்க்க வழியின்மை. கழங்கு தவறியது என்று எவரும் வழக்குரைப்பதில்லை. நான்காவதாக, நோயுற்றவளின் மௌனம். அவளுக்குக் காரணம் தெரியும். ஆயினும் அதனைச் சொல்லும் இடத்தில் அவள் இல்லை. நாணமும் குடிப்பழிக்கு அஞ்சும் அச்சமும் அவள் வாயை அடைத்துள்ளன.

இந்நான்கினுள் முதலாவது இரங்கத்தக்கது. தாய் கொடியவள் அல்லள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் செவிலியிடம் உண்மையை உரைக்கத் தொடங்கும் தோழி, அறிந்தோரை வினவியும் பல தெய்வங்களைப் பரவியும் நறும்புகை எடுத்தும் காரணம் காணாமல் மயங்கும் அத்தாயின் வருத்தத்தையே முதலில் எடுத்துரைக்கிறாள். நோயாளியோடு அவருடைய குடும்பமும் நோயால் எளிமைப்பட்டு நிற்கிறது என்பதை அத்தொடக்கம் உணர்த்துகிறது. இயல்பு நிலையில் கேள்வி கேட்கும் ஒருவர், தம் மகள் மெலிவதைக் காணும்போது எவர் சொல்லையும் பற்றிக்கொள்ள ஆயத்தமாகிறார். ஏமாற்றுவோர்க்கும், தம்மையே ஏமாற்றிக்கொண்டவர்க்கும் வாயில் திறப்பது இவ்விடத்தில்தான்.

பாடல்கள் நிகழ்த்தும் திறனாய்வு

வெறியாட்டினைச் சங்கப் புலவர்கள் வெறுமனே வருணிக்கவில்லை, அதனைத் திறனாய்ந்துள்ளனர். குறுந்தொகை 362ஆம் பாடலில் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனாரின் தோழி வேலனை நேருக்கு நேர் வினவுகிறாள். பலநிறச் சோறும் மறியின் குருதியும் சேர்ந்த இப்பலியை நீ படைக்கிறாய். இவளுக்கு வருத்தம் தந்த மலைநாடனின் மார்பும் இப்பலியை உண்ணுமோ என்பது அவள் வினாவின் சாரம். வினா எளியது, ஆனால் கூரியது. நோயின் காரணம் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் இடப்படுகிறது என்பதை அவள் ஒரே வினாவில் வெளிப்படுத்திவிடுகிறாள். வேலனின் நேர்மையை அவள் ஐயுறவில்லை. அவன் கணிப்பு பிழை என்கிறாள். கணிப்பவன் நல்லவனாக இருப்பது கணிப்பு சரியாக இருப்பதற்குச் சான்றாகாது என்னும் தெளிவு இதில் உண்டு.

நற்றிணை 34ஆம் பாடலில் பிரமசாரியாரின் தோழி மேலும் ஒரு படி செல்கிறாள். அவள் முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்பது உனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வேலன் வேண்டினான் என்பதற்காக இங்கு வந்து நிற்கின்றாயே, தெய்வமாக இருந்தும் அறியாமை உடையை ஆயினை என்று இடித்துரைக்கிறாள். வழிபடும் தெய்வத்தை நோக்கி இவ்வாறு பேசும் துணிவு எங்கிருந்து வருகிறது? உண்மையை அறிந்திருப்பதிலிருந்தும், ஒருத்தியின் துயரைத் தன் துயராகக் கொண்டதிலிருந்தும் வருகிறது எனலாம். இது நாத்திகம் அன்று. ‘வாழிய’ என்னும் வாழ்த்தும் அவ்விடித்துரையோடு இணைந்தே வருகிறது.

வெறியாட்டினை மிகுதியாகப் பாடிய சிறப்பால் ‘வெறிபாடிய’ என்னும் அடைபெற்ற காமக்கண்ணியாரின் பாடல்கள் இரண்டினை ஈண்டுத் தனித்து நோக்க வேண்டும். அகநானூறு 98ஆம் பாடல் தலைவி கூற்றாக அமைந்தது. வெறியயர்ந்த பின்னும் மேனி பழைய நலம் பெறாவிடின் மறைந்த ஒழுக்கம் ஊரலராகும். மாறாக, முருகன் அருளால் நலம் பெற்றதாக வைத்துக்கொண்டால், இவள் உற்ற வருத்தம் வேறு எதனாலோ வந்தது போலும் எனத் தலைவன் எண்ணக்கூடும். அதன்பின் உயிர்வாழ்தல் அதனினும் அரிது. சடங்கு தோற்றாலும் அவளுக்குத் தீங்கு, வென்றாலும் தீங்கு.

இவ்விருதலைத் துயரம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தவறான நோய்க்கணிப்பின் கேடு, நோய் தீராமையோடு முடிவதில்லை. அது நோயுற்றவரின் வாழ்வைப் பற்றிய விளக்கத்தையே அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. தேறினால் பெருமை சடங்கிற்கு. தேறாவிடின் பழி நோயாளிக்கு. இன்றும் நம்பிக்கைவழி நலமாக்கல் பல இடங்களில் இவ்வாறே தன்னைக் காத்துக்கொள்கிறது. நோய் குணமானால் குருவின் ஆற்றல் என்பர். குணமாகாவிடின் நோயாளியின் நம்பிக்கை போதவில்லை என்பர். எந்நிலையிலும் தோற்காத ஒரு முறை, எந்நிலையிலும் சோதிக்கப்படாத முறையே ஆகும். காமக்கண்ணியார் இதனைக் கோட்பாடாகச் சொல்லவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒருத்தியின் அச்சமாகச் சொல்கிறார்.

அகநானூறு 22ஆம் பாடலில் அதே புலவர் வேறொரு முடிவினைக் காட்டுகிறார். ஊரார் சொல்லால் வெறியயரப்பட்ட இரவிலேயே, காவலைக் கடந்து தலைவன் வருகிறான், நோய் தணிகிறது. தொடர்பற்ற வேலனின் பொருட்டு வீணானதை எண்ணித் தலைவி நகைக்கிறாள். தன் உடல்மீது பிறர் நிகழ்த்திய சடங்கைப் பார்த்து அவளால் நகைக்க முடிகிறது. ஏனெனில் உண்மை அவள் கையில் இருக்கிறது. அந்நகை தப்பித்தவளின் நகை. எல்லாரும் தப்புவதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிலப்பதிகாரக் குன்றக்குரவையிலும் இத்திறனாய்வுக் குரல் தொடர்கிறது. வேலனை அழைத்த அன்னையின் அறியாமையையும், அழைப்பை ஏற்று வரும் வேலனின் பேதைமையையும் குறமகளிர் பாடி நகையாடுகின்றனர். ஒரு புலவரின் தனிக்கருத்தாக அல்லாமல், மரபு தனக்குள்ளேயே போற்றி வளர்த்த பார்வை இது என்பது இதனால் தெளிவாகும்.

சடங்கினை மறுத்தல் நோக்கமன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சங்க இலக்கியம் வெறியாட்டினை முற்ற மறுத்தது என்று நாம் கூறினால் அது பிழையாகும். திருமுருகாற்றுப்படையில் வேலனும் குறமகளும் அயரும் வழிபாடுகள் பெருமதிப்புடன் பாடப்பட்டுள்ளன. அங்கு வெறி, இறைவனைக் கண்டு மகிழும் கூட்டு வழிபாடு. எவர் உடலையும் அது விசாரிக்கவில்லை. அதே வெறி ஒரு வீட்டு முற்றத்தில் ஒருத்தியின் நோயைக் கணிக்கும் கருவியாக மாறும்போதே புலவர்களின் திறனாய்வு தொடங்குகிறது. வழிபாடு வேறு, நோய்க்கணிப்பு வேறு என்னும் இவ்வேறுபாடு நம் கட்டுரைக்கு அடிப்படையானது. நம்பிக்கை தரும் ஆறுதலை எவரும் பறிக்க வேண்டியதில்லை. அவ்வாறுதல் மருத்துவத்தின் இருக்கையில் அமர்ந்து, பிற வழிகளை அடைத்துவிடும்போதே இடர் பிறக்கிறது.

மற்றோர் மறுப்பும் எழலாம். தலைவியின் வருத்தம் காதல். மனநோயோ உடல்நோயோ அன்று. எனவே ஒப்பீடு பொருந்துமா என வினவலாம். நாம் நோய்களை ஒப்பிடவில்லை. நோயுற்றவர் நிறுத்தப்படும் இடத்தை ஒப்பிடுகிறோம். காரணம் தேடும் குடும்பம், ஐயத்திற்கு அப்பாற்பட்ட கணிப்பாளர், பேச இயலாத ஒருவர் என்னும் அமைப்பு இரண்டிலும் ஒன்றே.

தோழி என்னும் இடம்

வெறியாட்டுப் பாடல்களில் தலைவியைக் காப்பவள் தோழி. அவள் செய்யும் செயலுக்கு இலக்கணம் தந்த பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. மறைந்த உண்மையை உரிய காலத்தில் உரியவரிடம் வெளிப்படுத்துவதே அது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் எனப் படிப்படியாக அவ்வுண்மை செல்லும். குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையாரின் தோழி கட்டுவிச்சியைத் தடுக்காமல், அவள் பாட்டில் வந்த தலைவனின் மலையை மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் செவிலிக்கு அக்குறிப்பே போதும். சடங்கின் நடுவிலேயே உண்மைக்கு ஓர் இடைவெளி உண்டாக்கும் நுட்பம் இது.

உண்மையைச் சொல்வதற்கு ‘அறம்’ என்னும் பெயர் தரப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பிறர் துயரை அறிந்தவர் வாய்மூடி இருத்தல் அறமாகாது என்பது இதன் மறுபக்கம். தோழியிடம் மூன்று தகுதிகளைக் காண்கிறோம். அவள் நோயுற்றவளை நாள்தோறும் அருகிருந்து காண்கிறாள். அவளுக்குச் சடங்கினால் ஊதியம் ஏதுமில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரிடம் அவளால் சென்று பேச முடிகிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இதனை வேறொரு கோணத்தில் உறுதிசெய்கிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நோயுற்றவரே வரிசையில் முதலில் நிற்கிறார். ‘உழைச்செல்வான்’ எனப்படும் பேணுபவர், மருத்துவருக்கு இணையாக எண்ணப்பட்டுள்ளார். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பதும், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் கருத வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தின் முந்தைய குறள்களின் கருத்து. வேலனின் முற்றத்தில் தீர்ப்பவன் இருக்கிறான். மருந்தென ஒன்று இருக்கிறது. உற்றவளின் சொல்லும், காரணத்தின் ஆராய்ச்சியும் இல்லை. உழைச்செல்வாரின் இடத்தில் தோழி நின்று அக்குறையை நிறைவு செய்கிறாள். தோழியும் இல்லாதபோது என்ன நேரும்? அதற்கான விடை நம் காலத்தில் கிடைத்தது.

ஏர்வாடி, 2001

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்திலுள்ள ஏர்வாடி, தர்காவினால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள புனித நீரும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கை நெடுநாளாக நிலவி வருகிறது. முஸ்லிம்களோடு இந்துக்களும் கிறித்துவர்களும் தம் உறவினரை அங்கு அழைத்து வந்தனர். கனவில் ஆணை கிடைக்கும்வரை நோயாளி அங்கேயே தங்க வேண்டும் என்பது அந்நம்பிக்கையின் ஒரு பகுதி. உடனிருக்க இயலாத குடும்பங்களுக்காக, தர்காவைச் சுற்றித் தனியார் இல்லங்கள் தோன்றின. கட்டணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளை வைத்திருப்பது அவற்றின் தொழிலாயிற்று. தர்கா வேறு, இவ்வில்லங்கள் வேறு என்பதை இங்கு அழுத்தமாகக் கூற வேண்டும். நம்பிக்கையின் நிழலில் வளர்ந்த வணிகம் அது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்பொழுதில் அவ்வில்லங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. கீற்றுக் கொட்டகையில் இருந்த நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

நிகழ்ந்த சில நாள்களிலேயே அரசு அங்கிருந்த இத்தகைய இல்லங்களை மூடியது. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இல்லத்தை நடத்தியவருக்கும் உடன் நடத்தியோருக்கும் 2007இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மனநோயாளிகளை வைத்துப் பேணும் இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. சட்டம் இருந்தது, அதனைக் கொண்டு அக்கொட்டகைக்குள் சென்று பார்த்தவர் இல்லை.

நாம் முன்னர்ப் பகுத்த நான்கு கூறுகளும் இங்கு அப்படியே உள்ளன. தவிக்கும் குடும்பம் உண்டு. மனநல மருத்துவம் எளிதில் கிட்டாத நிலையில் அத்தவிப்பு பெருகியது. 1794இல் தொடங்கிய வரலாறு உடைய அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்க, சிற்றூர்க் குடும்பங்களுக்கு அது எட்டாத் தொலைவாக இருந்தது. வினவ இயலாத முறை உண்டு. கனவு எப்போது வரும் என்று எவரும் கணக்குக் கேட்க முடியாது. நோயுற்றவரின் மௌனமும் உண்டு. அவர் தாம் வலியுறுகிறேன் என்றாலும், வீடு திரும்ப வேண்டும் என்றாலும், அச்சொல்லே நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. பேசினாலும் கேட்கப்படாத மௌனம் அது. வேலனின் முற்றத்தில் இல்லாத ஒன்று இங்கே சேர்ந்தது. அது சங்கிலி.

இங்கே இல்லாமற்போனதும் ஒன்று உண்டு. அவர்களுக்குத் தோழி இல்லை. நாள்தோறும் அருகிருந்து கண்டவர்கள் கட்டணம் பெறுவோராக இருந்தனர். அன்புடையோர் தொலைவில் இருந்தனர். அதிகாரம் உடையோரிடம் சென்று பேச எவரும் இல்லை. அகநானூற்றுத் தலைவியின் நகைக்கு இங்கு வாய்ப்பே இருக்கவில்லை.

உடனிருப்பின் ஆற்றல்

இவ்வாறு கூறுவதால் வழிபாட்டிடங்களில் தங்கும் மனநோயாளிகள் அனைவரும் கேடுறுகின்றனர் என்று முடிவுகட்டல் ஆகாது. இரகுராமும் அவருடைய உடனாய்வாளர்களும் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் நிகழ்த்திய ஆய்வு, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. கடும் மனநோயுற்று அங்கு வந்து தங்கிய 31 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். சராசரியாக 6 வாரங்கள் தங்கிய அவர்களின் நோய்க்குறிகள், அளவைக் கருவியின்படி ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல் இதற்குத் துணைநின்றது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இம்முடிவினை அளவுக்கு மீறி விரித்தலும் கூடாது. எண்ணிக்கை சிறியது, நீண்டகாலப் பயனை இதனால் உறுதிசெய்ய இயலாது. ஆயினும் நம் வாதத்திற்கு இது இன்றியமையாத ஒரு குறிப்பைத் தருகிறது. அங்கு நோயாளி தனித்து விடப்படவில்லை. குடும்பத்தார் ஒருவர் உடன் தங்கினார். எளிய பணிகளில் நோயாளிக்கும் பங்கிருந்தது. குறள் கூறும் உழைச்செல்வார் அங்கே இருந்தார். இரண்டும் நம்பிக்கையின் இடங்களே. ஒன்றில் கை பற்றப்பட்டது. மற்றொன்றில் கால் பிணைக்கப்பட்டது. ஆகவே, ஓரிடத்தை மதிப்பிடும்போது அங்கு எந்தத் தெய்வம் வணங்கப்படுகிறது என்று கேட்பதைவிட, நோயுற்றவருடன் யார் இருக்கிறார், அவர் விரும்பினால் வெளியேற முடியுமா என்று கேட்பதே பொருத்தமாகும்.

மதிலுக்குள் அடைபட்ட சொல்

நோய் மட்டுமே மனிதரை எளிமைப்படுத்துவதில்லை. போரும் அகதி வாழ்வும் பெற்றோரை இழத்தலும் அவ்வாறே செய்யும். இலங்கையில் பிறந்த பிரேமானந்தா, 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் தமிழ்நாட்டிற்கு வந்து, திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் ஆசிரமம் நிறுவினார். அருள்நிகழ்ச்சிகளால் பெயர் பெற்ற அவ்விடத்தில் ஆதரவற்ற சிறுமியர் பலர் வளர்ந்தனர். 1994இல் அவர் கைது செய்யப்பட்டார். சிறுமியர் 13 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்ததும், ஆசிரமவாசி ஒருவரைக் கொலை செய்ததும் மெய்ப்பிக்கப்பட்டு, 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2011இல் அவர் இறந்தார்.

அச்சிறுமியரின் நிலை வெறியாட்டுத் தலைவியின் நிலையினும் இரங்கத்தக்கது. வளர்ப்பவர், குரு, காவலர் என மூன்று நிலையும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தன. முறையிட வேண்டிய இடமும் முறையீட்டுக்குரியவரும் ஒருவராகவே அமைந்துவிடின், அறத்தொடு நிற்பதற்கு எத்திசையில் செல்வது? அவ்வட்டத்திற்கு வெளியே சொல் சென்று சேர்ந்த பின்னரே நீதியின் கதவு திறந்தது. திருவள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என ஓர் அதிகாரத்தையே பொய்த்தவ வேடத்தைக் கண்டிக்க ஒதுக்கியுள்ளார். வேடத்தை அறியும் கூர்மை நம் மரபில் இல்லாமல் இல்லை. அதனைப் பாடமாகப் படித்த நாம், வேடத்தின் முன் நிற்கும் சிறுமியின் இடத்திலிருந்து படித்தோமா என்பதே வினா.

சட்டமும் வகுப்பறையும்

ஏர்வாடிக்குப் பின்னர்ச் சட்டம் தன் பங்கிற்குச் சில அடிகள் முன்வைத்துள்ளது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது. அதனினும் கருதத்தக்கது, தம் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளும் உரிமையையும், எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் அது நோயுற்றவர்க்கு வழங்கியமை. தோழியின் இடத்தினைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்றே இதனைக் கொள்ளலாம்.

மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மரபுவழி, நிரப்பு மருத்துவச் சட்டம் இத்துறையில் பணிபுரிவோர் பதிவு பெறுதலை நெறிப்படுத்துகிறது. சித்த மருத்துவத்தை உள்ளடக்கிய இந்திய மரபு மருத்துவமும் அதன்கீழ் ஏற்கப்பட்ட துறைகளுள் ஒன்று. பயிற்சியும் பதிவும் பொறுப்பும் உடைய மரபு மருத்துவரையும், கேள்விக்கு அப்பாற்பட்டவராகத் தம்மை அறிவித்துக்கொள்வோரையும் ஒன்றாகக் கருதலாகாது என்பதற்கு இவ்வேற்பே சான்று.

எனினும் சட்டம் சென்று சேருமுன் நோயுற்ற ஒருவரைக் காண்பவர் வேறொருவர். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அத்தகையவர். வகுப்பில் வலிப்பு வந்து விழும் ஒரு பிள்ளைக்குப் பேய் பிடித்ததாக வீட்டில் சொல்லப்படலாம். திடீரெனப் பேச்சடங்கிப் போன ஒரு மாணவியின் மௌனம் தோஷமாகக் கணிக்கப்படலாம். தோழியிடம் கண்ட மூன்று தகுதிகளும் ஆசிரியரிடம் உள்ளன. அவர் நாள்தோறும் காண்கிறார். சடங்கினால் அவருக்கு ஊதியமில்லை. பெற்றோரிடமும் மருத்துவரிடமும் அவரால் பேச முடியும். அப்பேச்சினைப் பெற்றோரை இகழ்ந்து தொடங்கினால் பயனில்லை. குறிஞ்சிப்பாட்டுத் தோழி காட்டிய வழி இங்கு உதவும். தாயின் கலக்கத்தை முதலில் மதித்து ஏற்பது, பின் உண்மையை எடுத்துரைப்பது என்பதே அது. வழிபாடு தொடரட்டும், மருந்தும் தொடரட்டும் என்று கூறும் ஆசிரியரின் சொல் வீட்டின் வாயிலைத் தாண்டி உள்ளே செல்லும்.

இலக்கிய வகுப்பிலும் இதற்கு இடமுண்டு. வெறியாட்டுத் துறையைக் கற்பிக்கும்போது, வேலன் யார், கழங்கு யாது என்னும் வினாக்களோடு நின்றுவிடுகிறோம். இந்நிகழ்வில் எவர் பேசுகிறார், எவர் பேசவில்லை, எவர் அவருக்காகப் பேசுகிறார் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். பாடலின் பொருளும் அதனால் ஆழம் பெறும்.

முடிவுரை

வெறியாட்டுப் பாடல்கள் நோயுற்றவரின் பக்கத்திலிருந்து பாடப்பட்டவை என்பதை இதுகாறும் கண்டோம். அவை வழிபாட்டை இகழவில்லை, தாயைப் பழிக்கவில்லை, வேலனைக்கூடக் கயவனாக்கவில்லை. உண்மை அறிந்த ஒருத்தி, உரியவரிடம் அதனைச் சொல்லும் அறத்தை மட்டும் உயர்த்திப் பிடித்தன. ஏர்வாடியில் 28 பேர் அத்தகைய ஒருத்தி இன்றி இறந்தனர். அவர்களைப் பிணைத்த சங்கிலியின் பூட்டு ஒருவர் கையில் இருந்திருக்கலாம். அதனைக் காணாதிருந்த கண்கள் பல. அறத்தொடு நிற்றலை அகத்திணையின் ஒரு துறையாக மட்டும் கற்பித்து முடித்துவிட்டால், அக்கண்களுள் நம் கண்களும் அடங்கும்.